பத்து நிமிஷம், பத்து கேள்வி: கிளாஸ்ல ஸ்பேஸ்டு ரிப்பிட்டிஷன் ஆரம்பிக்கிறவங்களுக்கு

அரசு உதவி பெறும் பள்ளிக்கூடம் ஒண்ணுல பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், கிளாஸ்ல 43 பேர். ஜூலைல யூனிட் டெஸ்ட் வச்சப்ப கிட்டப்பார்வைக்கு என்ன லென்சுன்னு முக்கால்வாசிப் பேர் சரியா எழுதினாங்க, அதே கேள்வி செப்டம்பர் குவார்ட்டர்லில வந்தப்ப அதே பிள்ளைங்க பேனாவைக் கடிச்சிட்டு ஜன்னலைப் பாத்துட்டு இருந்தாங்க. "அன்னைக்கு நல்லாத்தானேடா சொன்ன?"ன்னு கேட்டா "மறந்துடுச்சு மிஸ்". இதுல பொய் ஒண்ணும் இல்ல, மறந்துதான் போச்சு, ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவுல அந்தக் கேள்வியை யாருமே அவங்ககிட்ட கேக்கல, நான் உள்பட.

அதுக்கு மருந்துன்னு சொல்றதுதான் ஸ்பேஸ்டு ரிப்பிட்டிஷன். இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொரு தடவையும் இடைவெளியைக் கூட்டிக்கிட்டே, அதே கேள்வியைத் திரும்பக் கேக்குறது. கேக்குறதுங்கிறதை அடிக்கோடு போட்டு வச்சுக்கங்க, புக்கைத் திறந்து மறுபடி படிக்க வைக்கிறது இதுல சேராது, பிள்ளை தன் மண்டைக்குள்ள தேடி எடுத்து வெளிய கொண்டு வரணும், அந்தத் தேடல்ல தான் பதியுது.

முதல் வருஷம் நான் இதுல நல்லாவே மண்ணைக் கவ்வினேன். மே மாச லீவுல உக்காந்து, ஒரு பக்கம் கேள்வி பின்னாடி விடைன்னு 600 கார்டு எழுதினேன், ஆகஸ்ட் 15க்குள்ள எல்லாம் பீரோ மேல ஏறிடுச்சு. ரெண்டாவது வருஷம் நோட்டும் டைரியும் வச்சு பண்ணினது நிலைச்சு நின்னுது. அதைத்தான் கீழ எழுதுறேன். அறிவியல் இல்லாத சப்ஜெக்ட்டுக்கும் கணக்கு இதேதான், கேள்வியை மட்டும் மாத்திக்கங்க.

1. முதல்ல காலண்டர், அப்புறம் கேள்வி

எல்லாரும் இதைத் தலைகீழா பண்றோம், கேள்வியை எழுதிக் குவிச்சிட்டு அப்புறம் நேரத்தைத் தேடுறோம். நேரத்துல இருந்து ஆரம்பிங்க.

40 நிமிஷ பீரியட்ல 10 நிமிஷத்துக்கு மேல இதுக்கு ஒதுக்க முடியாது, போர்ஷன் ஓடாது. 10 நிமிஷத்துல 10 கேள்வி கேக்கலாம். வாரத்துக்கு 5 நாள், அப்போ 50 தடவை கேக்கலாம். ஒரு கேள்வியைப் பாடம் நடத்தின நாள்ல இருந்து 2 நாள் கழிச்சு ஒரு தடவை, அதுக்கு 1 வாரம் கழிச்சு, அதுக்கு 3 வாரம் கழிச்சு, அதுக்கு 2 மாசம் கழிச்சுன்னு 4 தடவை கேக்கணும். தப்பாகித் திரும்ப வர்றதையும் சேத்தா ஒரு கேள்விக்கு சராசரியா 5 தடவைன்னு வச்சுக்கங்க. 50ஐ 5ஆல வகுத்தா 10. வாரத்துக்கு 10 புதுக் கேள்வி, அவ்வளவுதான் இந்த வண்டி தாங்கும்.

ஜூன்ல ஸ்கூல் திறந்ததுல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் எண்ணி, குவார்ட்டர்லி, ஹாஃப் இயர்லி, அதுக்கப்புறம் வர்ற லீவு, மழை லீவு எல்லாம் கழிச்சா 26, 27 வாரம் மிஞ்சும். வருஷத்துக்கு 270 கேள்வி. புத்தகத்துல 23 பாடம், பாடத்துக்கு 11 இல்ல 12 கேள்வி. நான் எழுதின 600 ஏன் கவுந்துச்சுன்னு இந்தக் கணக்கைப் போட்ட அன்னைக்குத்தான் புரிஞ்சுது, போடாமலே ஒரு மே மாசத்தைத் தொலைச்சேன்.

அந்த 2 நாள், 1 வாரம்ங்கிறது ஒண்ணும் வேதவாக்கு இல்ல. 2 நாள் 3 நாளாச்சுன்னா குடி முழுகாது. இடைவெளி கூடிக்கிட்டே போகணும், அதுதான் விஷயம்.

2. கேள்வியைப் பொறுக்கி எடுங்க

பாடத்துக்கு 12ன்னு ஆனதும் புக் பேக் ஒன் மார்க்கை அப்படியே எடுத்துப் போட்டுடலாம்னு கை துறுதுறுக்கும். வேணாம். எதைத் தெரியலன்னா அடுத்த பாடமே புரியாதோ அதை முதல்ல எடுங்க, அப்புறம் வருஷா வருஷம் பிள்ளைங்க தப்பு பண்றது எதுன்னு உங்களுக்கே தெரியும், அதை எடுங்க. தியரி பேப்பர் 75ல ஒன் மார்க் கேள்விக்கு 12 மார்க், ரெண்டு மார்க் கேள்விக்கு 14 மார்க், இந்த 26 மார்க்குக்கு இது நேரா உதவும். 4 மார்க், 7 மார்க்குக்கு அஸ்திவாரம் மட்டும்தான் போடும், எழுதுற பயிற்சி தனியா குடுத்துத்தான் ஆகணும், இதை நம்பி அதை விட்டுடாதீங்க.

கேள்வி ஒரே விஷயத்தைக் கேக்கணும். "இதயத்தின் அமைப்பை விவரி"ன்னு போட்டா பிள்ளை பாதி சொல்லும், அது சரியா தப்பான்னு நீங்களே முழிப்பீங்க. அதையே உடைங்க: மனித இதயத்துல எத்தனை அறை, வலது ஆரிக்கிளுக்கும் வலது வென்ட்ரிக்கிளுக்கும் நடுவுல என்ன வால்வு, இடது பக்கம் என்ன வால்வு, இடது வென்ட்ரிக்கிள்ல இருந்து கிளம்புற குழாய் எது. இந்த நாலும் கையில இருந்தா 7 மார்க் கேள்வியையே முறைச்சுப் பாத்துட்டு இருக்காம எழுத ஆரம்பிப்பாங்க.

"ஏன்"னு கேக்குற கேள்வி பாடத்துக்குக் குறைஞ்சது ரெண்டு இருக்கட்டும். வீட்டு ஒயரிங்ல ஃபேன், லைட்டை எல்லாம் ஏன் பக்க இணைப்புல குடுக்கிறோம்? எல்லாத்துக்கும் ஒரே மின்னழுத்தம் கிடைக்கும், ஒண்ணை அணைச்சா இன்னொண்ணு அணையாது. ரெண்டே வரி, ஆனா மனப்பாடம் பண்ணவனையும் புரிஞ்சவனையும் பிரிச்சுக் காட்டிடும்.

நான் விழுந்த குழி ரெண்டு சொல்றேன். மூளை நரம்பு 12 இணை, தண்டுவட நரம்பு 31 இணை, ரெண்டையும் ஒரே வாரத்துல போட்டேன், மூணு வாரத்துக்கு மாத்தி மாத்தி எழுதினாங்க. கிட்டப்பார்வைக்குக் குழிலென்சு, தூரப்பார்வைக்குக் குவிலென்சு, அதுவும் அதே கதை. ஒண்ணோட ஒண்ணு குழம்புற ஜோடியா இருந்தா முதல்ல ஒண்ணை மட்டும் போட்டு, அது ரெண்டு தடவை சரியா வந்ததுக்கு அப்புறம் மத்ததை உள்ள விடுங்க. இன்னொரு குழி, கணக்கு. 5 ஓமும் 10 ஓமும் தொடர் இணைப்புல இருந்தா மொத்தம் எவ்வளவுன்னு கேட்டேன், மூணாவது தடவை நான் போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள 15ன்னு தூக்கிக் காட்டுறாங்க. கூட்டவே இல்ல, 15ங்கிற விடையை மனப்பாடம் பண்ணிட்டாங்க. கணக்குக் கேள்வியில ஒவ்வொரு தடவையும் எண்ணை மாத்திடுங்க.

நடத்தாத பாடத்துல இருந்து கேள்வி வேணவே வேணாம். புரியாததைத் திரும்பத் திரும்பக் கேட்டா அது கிளிப்பிள்ளை வேலை.

3. வேண்டிய நோட்டு, டைரி, அனுமதி

மூணே மூணு.

கேள்வி நோட்டு: ஒரு லாங் சைஸ் நோட்டு, கேள்விக்கு வரிசை எண், பக்கத்துலயே விடை. எண் முக்கியம், டைரில எண்ணைத்தான் எழுதப் போறீங்க.

டைரி: நாளுக்கு ஒரு பக்கம் இருக்கிற டைரி. நகைக்கடை, ஜவுளிக்கடைல ஓசில குடுக்கிறது போதும், போன வருஷ டைரின்னாலும் தேதியைத் திருத்திக்கலாம். 47ஆம் கேள்வியை திங்கக்கிழமை பாடத்துல சொல்லிக் குடுத்தீங்கன்னா புதன்கிழமை பக்கத்துல 47ன்னு எழுதுங்க. புதன்கிழமை கேட்டு பெரும்பாலானவங்க சரின்னா அடுத்த புதன் பக்கத்துல 47, அன்னைக்கும் சரின்னா 3 வாரம் தள்ளி, அப்புறம் 2 மாசம் தள்ளி. ஒரு பக்கத்துல 10 எண் நிரம்பிடுச்சுன்னா அடுத்த நாள் பக்கத்துக்குப் போங்க, 11ஆவதா நுழைக்காதீங்க. ஒரேயடியா நாலு தேதியையும் முன்கூட்டியே எழுதி வச்சுடாதீங்க, தப்பாச்சுன்னா எல்லாத்தையும் அடிக்கணும், ஒவ்வொரு தடவை கேட்ட பிறகும் அடுத்த தேதியை மட்டும் எழுதுங்க. பேனாவால எழுதாம பென்சிலால எழுதுங்க.

ஹெச்.எம். கிட்ட ஒரு வார்த்தை: பாடக்குறிப்புல "முன்னறிவு, மீள்பார்வை 10 நிமிடம்"னு தினமும் எழுதிடுங்க. நான் முதல்ல சொல்லாம ஆரம்பிச்சேன், ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்தப்ப ஜூன் மாசப் பாடத்தை அக்டோபர்ல கேட்டுட்டு இருந்ததைப் பாத்துட்டு போர்ஷன் பின்தங்கி இருக்குன்னு நினைச்சுட்டாங்க, அதை விளக்குறதுக்கு ஒரு ஃப்ரீ பீரியட் போச்சு.

பிள்ளைங்களோட போன்ல ஏதாவது செய்ய வைக்கிறதா இருந்தா மட்டும் பெத்தவங்க கையெழுத்து வாங்குங்க, இல்லன்னா தேவையில்ல.

4. செலவு

எனக்கு ஆனது: ஏ4 பிளாஸ்டிக் கவர் 43, ஒண்ணு 4 ரூபாய்னு 172. உள்ள ஒரு வெள்ளைப் பேப்பரைச் செருகிட்டா அதுதான் பிள்ளையோட குட்டி ஒயிட்போர்டு. மார்க்கர் ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு 22, ஒண்ணு 20 ரூபாய்னு 440. லாங் சைஸ் நோட்டு 60. துடைக்கிறதுக்குப் பழைய வேட்டியைக் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு. மொத்தம் 672 ரூபாய், கைக்காசுதான். மார்க்கரை மூடாம விட்டு முதல் மாசத்துலயே ஆறு காஞ்சு போச்சு, அதுக்கப்புறம் லீடர் எண்ணி வாங்கி டப்பால போடணும்னு சட்டம் போட்டேன்.

இதுவும் அதிகம்னா ஒண்ணாங்கிளாஸ் சிலேட்டும் ஸ்கூல் சாக்பீஸும் போதும், அதுவும் இல்லன்னா ரஃப் நோட்டு. ரஃப் நோட்டுல ஒரு குறை, தூக்கிக் காட்டினா பின்னாடி பெஞ்சு எழுத்து கண்ணுக்குத் தெரியாது, நீங்க நடக்கணும்.

5. அந்தப் பத்து நிமிஷம்

பெல் அடிச்சு உள்ள போன உடனே, அட்டெண்டன்ஸுக்கும் முன்னாடி. பீரியட் கடைசில வச்சுக்கலாம்னு நினைச்சீங்கன்னா அந்தக் கடைசி எந்த நாளும் வராது.

கேள்வியைச் சொல்லுங்க. 10 எண்ணுங்க, மனசுக்குள்ள. இது சொல்றதுக்கு சுலபம், நிஜத்துல டீச்சருங்களுக்கு 3 எண்ணுறதுக்குள்ள வாய் அரிக்கும், விடையோட முதல் எழுத்தை எடுத்துக் குடுத்துடுவோம். குடுக்காதீங்க. எல்லாரும் எழுதணும், எழுதினதைக் கவுத்து வச்சுக்கணும், "காட்டு"ன்னா ஒரே நேரத்துல தூக்கணும். கண்ணை ஒரு ஓட்டு ஓட்டுங்க, தப்பு எத்தனைன்னு தோராயமா தெரிஞ்சிடும். விடையைச் சொல்லுங்க, தப்பா எழுதினவங்க அழிச்சிட்டு சரியானதை எழுதணும். அடுத்த கேள்வி.

43 பேர்ல 10 பேருக்கு மேல தப்புன்னா அந்தக் கேள்வி தோத்துச்சுன்னு அர்த்தம், திரும்ப 2 நாள்ல இருந்து ஆரம்பிக்கணும். 10 பேருக்குள்ளன்னா அடுத்த இடைவெளிக்குப் போகட்டும், அந்த 10 பேரை 6ஆம் ஸ்டெப்புல பாத்துக்கலாம். ஒரே கேள்வி மூணு தடவை தோத்துச்சுன்னா குத்தம் பிள்ளைங்க மேல இல்ல, கேள்வி சரியில்ல இல்லன்னா நீங்க நடத்தினது போய்ச் சேரல, திருப்பி நடத்துங்க.

இதுல பெரிய பொறி கோரஸ். "ரத்த சிவப்பணுவோட ஆயுள் எத்தனை நாள்?" "நூத்தி இருபதூஊ". காதுக்கு இனிமையா இருக்கும், கிளாஸே தெரிஞ்சு வச்சிருக்குன்னு பூரிச்சுப் போயிடுவோம், உண்மையில முன் பெஞ்சு ஏழு பேர் சொல்றாங்க, மத்தவங்க கடைசி அரை எழுத்துல வாயை அசைக்கிறாங்க. நானும் முதல் ரெண்டு மாசம் கோரஸ்லதான் ஓட்டினேன், எழுதிக் காட்டுங்கன்னு சொன்ன அன்னைக்கு 43ல 19 பேர்தான் சரி.

அடுத்தது மார்க். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர், "இன்டர்னலுக்கு மார்க் போடுங்க, அப்பத்தான் பயந்து படிப்பாங்க"ன்னாங்க. போட்டேன். மறுநாளே பக்கத்துல பாத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க, யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாதுன்னே கண்டுபிடிக்க முடியல. மார்க்கும் வேணாம், திட்டும் வேணாம், பெஞ்சு மேல நிக்க வைக்கிறதும் வேணாம். தப்பா எழுதினா ஒண்ணும் ஆகாதுன்னு நம்பினாத்தான் தப்பை மறைக்காமக் காட்டுவாங்க.

6. பின்தங்கினவங்களுக்கு ஸ்வீட் டப்பா

டைரி முறை கிளாஸுக்கு மொத்தமா ஓடும். எப்பவும் அந்த 10 பேருக்குள்ள மாட்டுற ஏழெட்டு பிள்ளைங்களுக்கு அது போதாது. அவங்களுக்கு கார்டு. பழைய கல்யாணப் பத்திரிகையைக் கொண்டு வரச் சொல்லுங்க, நல்ல கனமான அட்டை, வெறுமையா இருக்கிற பக்கத்தை வெட்டினா பத்திரிகைக்கு நாலு கார்டு, செலவே இல்ல. ஒரு பக்கம் கேள்வி, பின்னாடி விடை, பிள்ளையே தன் கையால எழுதணும்.

ஸ்வீட் டப்பாவை அட்டை வச்சு மூணு அறையா தடுங்க. எல்லா கார்டும் முதல் அறையில ஆரம்பிக்கும், முதல் அறை தினமும், ரெண்டாவது அறை திங்களும் வியாழனும், மூணாவது ரெண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. சரியாச் சொன்னா அடுத்த அறை, தப்புன்னா எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பணும். ஒரு ஆளுக்கு 30 கார்டுக்கு மேல போகாதீங்க. தானா படிச்சா பின்னாடி எட்டிப் பாத்துட்டு "தெரியும்"னு மேல ஏத்திடுவாங்க, அதனால ஜோடி போடுங்க, ஒருத்தர் கேக்கணும் ஒருத்தர் சொல்லணும். ஈவினிங் ஸ்டடில 15 நிமிஷம் போதும்.

7. ஸ்மார்ட் போர்டோ லேப்டாப்போ இருந்தா

ஆன்கின்னு ஒரு சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர்ல இலவசம், ஆண்ட்ராய்டு போன்ல ஆன்கிடிராய்டு, அதுவும் இலவசம், ஐபோன்ல மட்டும் காசு. இதே பேரை வச்சுக்கிட்டு சம்பந்தமே இல்லாத வேற ஆப்களும் இருக்கு, மாத்தி இறக்கிட்டு சந்தா கட்டாதீங்க. டைரி வேலையை இது தானா பாத்துக்கும், எந்தக் கேள்வி என்னைக்கு வரணும்னு அதுவே கொண்டாந்து நிறுத்தும். கிளாஸ்ல உங்க ஒரு லேப்டாப்புல மட்டும் வச்சு போர்டுல காட்டுங்க, 10 பேருக்கு மேல தப்புன்னா "அகெய்ன்" பட்டன், இல்லன்னா "குட்", மத்த ரெண்டு பட்டனை மறந்துடுங்க.

போட்ட உடனே மாத்த வேண்டியது: புதுக் கார்டு நாளைக்கு 20ன்னு இருக்கும், அதை 2 ஆக்குங்க. ரிவியூ, அதாவது திரும்பக் கேக்குற கார்டு, 200ன்னு இருக்கும், 10 ஆக்குங்க. லேர்னிங் ஸ்டெப்ஸ்ல 1 நிமிஷம், 10 நிமிஷம்னு இருக்கும், அப்படியே விட்டா புதுக் கேள்வி அதே பீரியட்ல திரும்பி வந்து நிக்கும், 1 நாள்னு மாத்திடுங்க. புது வெர்ஷன்ல "ஈசி டேஸ்"னு ஒண்ணு இருக்கு, அதுல சனி, ஞாயிறைக் குறைச்சு வச்சா திங்கக்கிழமை மூச்சு முட்டாது.

தமிழ் மீடியத்துக்குன்னே ரெண்டு தலைவலி. நம்மகிட்ட இருக்கிற பழைய கேள்வி பேங்க் எல்லாம் பாமினி, வானவில் மாதிரி ஃபான்ட்ல அடிச்சது, ஆன்கில ஒட்டினா இங்கிலீஷ் எழுத்தா குதறி வரும், முதல்ல யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழாவே தெரியுற எழுத்துக்கு, மாத்தணும், அதுக்கு இலவச கன்வெர்ட்டர் நெட்ல நிறைய இருக்கு, மாத்தின பிறகு கொம்பு, காலு எல்லாம் ஒரு தடவை சரி பாருங்க. ரெண்டாவது, ஆன்கில ஏத்துறதுக்காக எக்செல்ல ஒரு நெடுவரிசைல கேள்வி, அடுத்ததுல விடைன்னு அடிச்சு சேவ் பண்றப்ப சாதா சி.எஸ்.வி. குடுத்தா தமிழ் மொத்தமும் கேள்விக்குறியா மாறிடும், "சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8"னு தனியா ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைத்தான் குடுக்கணும். நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அந்தக் கேள்விக்குறிகளோட கழிச்சிருக்கேன்.

கரெண்ட் போற ஊர்னா டைரியை விட்டுடாதீங்க.

8. லீவும் குவிஞ்சு போற கேள்வியும்

இந்த முறையைக் கொல்றது சோம்பேறித்தனம் இல்ல, லீவுதான். நவம்பர்ல அஞ்சு நாள் மழை லீவு விட்டாங்கன்னா டைரில 50 கேள்வி காத்துட்டு நிக்கும். திறந்த அன்னைக்கே 50ஐயும் கேட்டு முடிக்கணும்னு உக்காந்தா பீரியட் போச்சு, பிள்ளைங்களுக்கும் வெறுத்துப் போகும், உங்களுக்கும் வெறுத்துப் போகும், என்னோட 600 கார்டு பீரோ மேல ஏறின கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த வாரம் புதுக் கேள்வி எதையும் சேக்காதீங்க, அவ்வளவுதான். குவிஞ்சதுல 2 நாள், 1 வார இடைவெளில இருக்கிற சின்னக் குட்டிங்களை முதல்ல கேளுங்க, 2 மாச இடைவெளில இருக்கிறது இன்னும் ஒரு வாரம் காத்திருக்கும். ஹாஃப் இயர்லி லீவு முடிஞ்சும் இதே மாதிரி, புதுசு இல்லாம ஒரு வாரம்.

பரீட்சை நடக்கிற வாரத்துல எதுவும் கேக்க வேணாம். பொங்கலுக்கு அப்புறம் சேக்குற கேள்விகளுக்கு இடைவெளியைப் பாதியாக்கிக்கங்க, ஜனவரி கடைசியோட புதுசு சேக்குறதை நிறுத்திடுங்க, பிப்ரவரில ரிவிஷன் டெஸ்ட் நடக்கும்போது தோத்த கேள்விகள் மட்டும் ஓடட்டும்.

பலன் எப்போ தெரியும்னு கேப்பீங்க. முதல் மூணு வாரம் இன்னும் மோசமாத்தான் தெரியும், ஏன்னா மறந்தது எல்லாம் இப்பத்தான் கண்ணுக்கு முன்னாடி வருது. என் கிளாஸ்ல குவார்ட்டர்லி பேப்பர் திருத்தறப்ப ஜூன் மாசப் பாடத்துல இருந்து வந்த ஒன் மார்க் நிரம்பி இருந்துச்சு, அன்னைக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை நிறுத்திடலாம்னு நினைச்சேன்.

9. வருஷக் கடைசி வேலை

பொதுத்தேர்வுக்குப் பிள்ளைங்க போனதும் கேள்வி நோட்டை எடுத்து உக்காருங்க, ஒரு மணி நேர வேலை. எந்தக் கேள்வி ஒரு தடவை கூட தோக்கலையோ அது தேவையே இல்ல, அடிச்சிடுங்க. எது மூணு தடவைக்கு மேல தோத்துச்சோ அதை உடைச்சு எழுதுங்க. அடுத்த வருஷம் டைரி மட்டும்தான் புதுசு. நான் இந்த ஏப்ரல்ல 270ல 60 அடிச்சேன், அதுல பாதி "வரையறு"ன்னு ஆரம்பிச்ச கேள்விங்க.